அப்பாவுக்கு சுகர் இல்ல, பிரஷர் இல்ல, ஆனா கிரியாட்டினின் 1.6: உப்பளத்து வெயிலா காரணம்?

கேள்வி:

டாக்டர் வணக்கம். நாங்க தூத்துக்குடி பக்கம். அப்பாவுக்கு 54 வயசு, சின்ன வயசுலருந்தே உப்பளத்துலதான் வேலை. போன மாசம் இடுப்பு வலி, அசதின்னு ஆஸ்பத்திரிக்குப் போனப்ப ரத்தம் எடுத்துப் பாத்தாங்க, கிரியாட்டினின் 1.6னு வந்துச்சு. சுகர் இல்ல, பிரஷர் இல்ல, குடியும் இல்ல, மூத்திரத்துல புரோட்டீனும் போகலயாம். அப்புறம் எதுனாலன்னு கேட்டா யாரும் சரியா சொல்ல மாட்டேங்காங்க. ஒருத்தர் தண்ணிய குறைக்கச் சொல்றாரு, இன்னொருத்தர் அஞ்சு லிட்டர் குடிக்கச் சொல்றாரு. க்ளைமேட் சேஞ்ச்னால கிட்னி போகுதுன்னு ஒரு வீடியோவுல பாத்தேன், அது நெசமா? அப்பா வேலைய விட்டுறணுமா? தம்பி வேற ப்ளஸ் டூ முடிச்சிட்டு அளத்துக்குப் போறேன்னு நிக்கான், அவனை அனுப்பலாமா? எங்க பேரும் ஊரும் போட வேண்டாம்.

பதில்:

வணக்கம்மா. நீங்க கேட்டதுல வேலைய விடணுமாங்குறதுதான் பெரிய கேள்வி, ஆனா அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. கிரியாட்டினின்ங்குறது ரத்தத்துல சேர்ற ஒரு கழிவு, கிட்னிதான் அதை வெளியேத்தணும், அது ரத்தத்துல கூடுனா கிட்னி வேலை குறையுதோன்னு பாக்கணும். அந்த 1.6ங்குற நம்பரை மறுபடியும் பாக்கணும். ஒரே ஒரு தடவை எடுத்த ரத்தத்தை வச்சு கிட்னி நோய்னு யாரும் முத்திரை குத்தக் கூடாது, மூணு மாசத்துக்கு மேல கிட்னி வேலை குறைஞ்சே இருந்தாதான் அதை நாள்பட்ட சிறுநீரக நோய்னு சொல்லுவோம். உங்க அப்பா வயசுக்கு 1.6னா கிட்னி வடிகட்டுற வேகம், அதான் ஈஜிஎஃப்ஆர்னு ரிப்போர்ட்ல போட்டிருப்பாங்க, அது சுமாரா 50 வரும். சாதாரணமா 90க்கு மேல இருக்கணும், 60க்கு கீழ போனா கவனிக்கணும். 50ங்குறது டயாலிசிஸ் பக்கத்துல கூட இல்ல, அதனால வீட்ல எல்லாரும் கொஞ்சம் மூச்சு விடுங்க.

அந்த ரத்தத்தை எப்ப எடுத்தாங்கன்னு நீங்க எழுதல. அளத்துலருந்து நேரா வந்து, வேர்த்து ஒழுகி, தண்ணி சரியா குடிக்காம, வலி மாத்திரையும் போட்டுட்டு வந்து கொடுத்திருந்தா அந்த நம்பர் ஏறித்தான் இருக்கும். மறுபடி டெஸ்ட் எடுக்கும்போது வேலைக்கு லீவு போட்டுட்டு, நல்லா தண்ணி குடிச்சு, முந்தின நாள் கறி நெறைய சாப்பிடாம, ஒரு வாரமாவது வலி மாத்திரை தொடாம காலைல போய் கொடுங்க. ரெண்டு வாரத்துல ஒண்ணு, மூணு மாசம் கழிச்சு ஒண்ணு. இதை நான் சும்மா ஆறுதலுக்கு சொல்லல. 2023-ல தமிழ்நாட்டு கிராமங்கள்ல 3,000க்கு மேல விவசாயக் கூலிகளை செக் பண்ணி ஒரு ஆய்வு நடத்துனாங்க, முதல் டெஸ்ட்ல நூத்துக்கு 17 பேருக்கு கிட்னி கோளாறுன்னு வந்துச்சு, மூணு மாசம் கழிச்சு அவங்களையே திரும்பப் பாத்தா நூத்துக்கு 5 பேர் சொச்சம்தான் நின்னுச்சு. ஆனா அந்த 5 பேர்ல பாதிப் பேருக்கு உங்க அப்பா மாதிரியேதான், சுகர் இல்ல, பிரஷர் இல்ல, வேற எந்தக் காரணமும் கண்டுபிடிக்க முடியல.

இப்ப உங்க "எதுனால"க்கு வரேன். இப்படி காரணம் பிடிபடாத கிட்னி நோய் உலகத்துல பல இடத்துல இருக்கு. 2002-ல எல் சால்வடார்ங்குற மத்திய அமெரிக்க நாட்டு டாக்டர்கள்தான் இதை முதல்ல எழுதுனாங்க, கரும்பு வெட்டுற வயசுப் பசங்க வரிசையா டயாலிசிஸுக்கு வராங்க, ஒருத்தருக்கும் சுகர் இல்லன்னு. அப்புறம் நிகரகுவா, அப்புறம் இலங்கையில அனுராதபுரம் பக்கம், ஆந்திராவுல உத்தானம், நம்ம பக்கமும் தமிழ்நாடு பாண்டிச்சேரின்னு ஆஸ்பத்திரிகள்ல பாத்துக்கிட்டு இருக்காங்க. எல்லா இடத்துலயும் காரணம் ஒண்ணேதான்னு சொல்ல முடியாது, இலங்கையில கிணத்துத் தண்ணிய சந்தேகப்படுறாங்க, சில இடத்துல பூச்சி மருந்து, சில இடத்துல வெயில்ல உடம்ப முறிச்சு செய்யற வேலை. மத்திய அமெரிக்காவுல வெயில் பக்கம் ஆதாரம் நல்லாவே பலமா இருக்கு. உப்பளத்துல பூச்சி மருந்து கிடையாது, அதனால உங்க அப்பா விஷயத்துல நான் முதல்ல சந்தேகப்படுறது வெயிலும் அந்த வலி மாத்திரையும், ரெண்டாவதா குடிக்கிற தண்ணி, அதோட கல்லு அடைப்பு கிடைப்பு ஏதாவது இருக்கான்னு பாக்கணும், அதுக்கு வயித்து ஸ்கேன் ஒண்ணு போதும்.

மூத்திரத்துல புரோட்டீன் போகலன்னா கிட்னி நல்லாருக்குன்னுதானே அர்த்தம்னு நிறையப் பேர் கேக்குறாங்க. சுகர்னால கிட்னி கெட்டா வடிகட்டி ஓட்டையாகி புரோட்டீன் போகும், மூத்திரம் நுரைக்கும். இந்த வெயில் கேஸ்ல அடி விழுறது வடிகட்டி மேல இல்ல, அதுக்கு அடுத்து இருக்குற சின்னச் சின்ன குழாய்கள் மேல, அதனால புரோட்டீன் ரொம்பக் கம்மியா போகும், இல்ல போகவே போகாது, கால் வீங்காது, பிரஷர் கூட கடைசில தான் ஏறும். அதனாலதான் பத்து வருஷம் சத்தமே இல்லாம ஓடும். ஆரம்ப சுகாதார நிலையத்துல மூத்திரத்துல குச்சி விட்டு புரோட்டீன் பாக்குற திட்டத்தை 2023-ல கொண்டு வந்தாங்க, நல்ல திட்டம்தான், சுகர்க்காரங்களுக்கு ரொம்ப உபயோகம், ஆனா வெயில்ல வேலை பாக்குறவங்களுக்கு குச்சிய மட்டும் நம்பக் கூடாது, ரத்தத்துல கிரியாட்டினினும் பாக்கணும்னு நான் சொல்லிக்கிட்டே இருக்கேன். கூட யூரிக் ஆசிட், பொட்டாசியம், சோடியம் மூணும் சேத்து பாத்துருங்க.

அளத்துல உடம்புக்கு என்ன நடக்குதுன்னு ஒரு காலைப்பொழுதை எடுத்துப்போம். பாத்தில உப்புத்தண்ணிக்குள்ள நின்னுக்கிட்டு வாருபலகைய இழுக்குறது, வாரி ஒதுக்குறது, தலைல சுமந்து மேட்டுல அம்பாரம் கொட்டுறது, இதெல்லாம் கடுமையான வேலை, உடம்பு உள்ளேயே சூடு உற்பத்தி பண்ணுது. வெளியில வெயில் மேலருந்து அடிக்குது, வெள்ள உப்பும் தண்ணியும் அதை கண்ணாடி மாதிரி கீழருந்தும் திருப்பி அடிக்குது. டிவில சொல்ற 37 டிகிரி இருக்கே, அது நிழல்ல காத்தோட்டமான பெட்டிக்குள்ள வச்சு எடுக்குற நம்பர், பாத்திக்குள்ள நிக்கிற ஆளுக்கு அது பொருந்தாது. உடம்பு தன்னைக் குளிர வைக்க வழின்னு பாத்தா வேர்வைதான், அந்த வேர்வை காயணும், காஞ்சாதான் குளிரும். கடற்கரைக் காத்துல ஈரம் கூடுதலா இருந்தா வேர்வை சொட்டுமே தவிர காயாது, ஆனி ஆடி காத்து வீசுற நாள்ல கொஞ்சம் தேவலாம், காத்து நின்ன நாள்ல ஒண்ணும் செய்ய முடியாது.

இந்த மாதிரி வேலைல மணிக்கு ஒரு லிட்டர் வேர்வை போறது சாதாரணம். உடம்புல தண்ணி குறைஞ்சதும், சூட்டை வெளிய தள்ள ரத்தம் தோல் பக்கம் போகுது, வேலை செய்யற தசைக்குப் போகுது, மிச்சத்தை வச்சு கிட்னி ஓட்டணும். சாதாரண நேரத்துல இதயம் பம்ப் பண்ற ரத்தத்துல அஞ்சுல ஒரு பங்கு கிட்னிக்குத்தான் போகும், அவ்வளவு பசி உள்ள உறுப்பு அது, வெயில்ல அதுக்குத்தான் முதல் வெட்டு. தண்ணிய சேமிக்கச் சொல்லி மூளை உத்தரவு போடுது, மூத்திரம் கெட்டியாகுது, யூரிக் ஆசிட் அதுல படிகமா தங்க ஆரம்பிக்குது, கடினமா உழைச்ச தசைலருந்து கசியுற புரோட்டீனும் அந்தக் குழாய்க்குள்ளதான் வருது. ஒரு நாள் நடந்தா ராத்திரி படுத்து எந்திரிச்சா சரியாகிடும். ஜனவரி கடைசில ஆரம்பிச்சு செப்டம்பர் வரைக்கும் தினம் நடந்தா, அதுவும் 40 வருஷம் நடந்தா, ஆறுறதுக்குள்ள அடுத்த அடி விழுந்துக்கிட்டே இருக்குது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா பல்கலைக்கழகத்து குழு தமிழ்நாட்டுல 7 உப்பளங்கள்ல 352 தொழிலாளிகளைப் பாத்துச்சு, பத்துல ஒம்பது பேர் பாதுகாப்பு வரம்புக்கு மேல சூட்டுல வேலை பாக்குறாங்கன்னும், நூத்துக்கு 7 பேருக்கு கிட்னி வேலை குறைஞ்சிருக்குன்னும் கண்டுபிடிச்சாங்க. உங்க அப்பா தனி ஆள் இல்லம்மா.

சரி, க்ளைமேட் சேஞ்ச் நெசமான்னு கேட்டீங்க. உங்க அப்பாங்குற ஒரு ஆளைக் காட்டி, இவர் கிட்னிய க்ளைமேட் சேஞ்ச்தான் கெடுத்துச்சுன்னு எந்த டாக்டரும் நிரூபிக்க முடியாது. அவர் வேலைக்குப் போன முதல் நாள்லயும் அளத்துல வெயில் கொளுத்தத்தான் செஞ்சுச்சு. மாறியிருக்கிறது என்னன்னா, ஏற்கனவே விளிம்புல நின்ன வேலைய இன்னும் கொஞ்சம் அந்தப் பக்கம் தள்ளிடுச்சு. இந்தியாவோட சராசரி வெப்பம் 1901-லருந்து 2018 வரைக்கும் 0.7 டிகிரி ஏறியிருக்குன்னு மத்திய அரசோட அறிக்கையே சொல்லுது, அதுக்கப்புறமும் நிக்கல, 2024தான் உலக அளவுல இதுவரைக்கும் பதிவான வருஷங்கள்லயே ரொம்ப சூடான வருஷம். 0.7 தானேன்னு தோணும். சராசரி அவ்வளவு ஏறுனா தாங்க முடியாத நாள்களோட எண்ணிக்கை அதைவிட வேகமா ஏறும், ராத்திரி சூடும் ஏறும், தகர ஷீட்டோ ஆஸ்பெஸ்டாஸோ போட்ட வீட்ல ராத்திரியும் உடம்பு ஆறலன்னா காலைல அளத்துக்குப் போகும்போதே பாதி களைப்போட போகுது.

இதுல இன்னொரு விஷயம் இருக்கு, இதை எந்த வீடியோவுலயும் சொல்றதில்ல. வெயில் மட்டுமில்ல, மழையும் தப்பு நேரத்துல வருது. சீசன் நடுவுல ஒரு மழை பேஞ்சா பாத்தில விளைஞ்ச உப்பு கரைஞ்சு போகும், திரும்ப தண்ணி கட்டி விளைய வைக்கணும், அந்த நாள் கூலி போச்சு. 2023 டிசம்பர்ல காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கிட்ட கொட்டுச்சே, அந்த வெள்ளத்துல அளங்கள் என்ன ஆச்சுன்னு உங்களுக்கு நான் சொல்லத் தேவையில்ல. இப்படி நாள் போச்சுன்னா வெயில் அடிக்கிற நாள்ல அதை ஈடு கட்டணும்னு தொழிலாளி ஓய்வே எடுக்காம ஓடுறாரு, முதலாளியும் விரட்டுறாரு, கடன் கொடுத்தவரும் விரட்டுறாரு. என்னைக் கேட்டா காலநிலை மாற்றம் கிட்னிக்குள்ள வர்ற வழில பாதி வழி இந்தக் கூலி வழியாத்தான் வருது. உடம்புக்கு முடியலன்னு உக்காந்தா அன்னைக்கு காசு இல்லங்குற ஏற்பாடு இருக்குற வரைக்கும், தண்ணி குடிங்க நிழல்ல உக்காருங்கன்னு டாக்டர் சொல்றது பாதி பேச்சுதான். அது தெரிஞ்சும் மிச்சப் பாதிய சொல்லித்தான் ஆகணும்.

முதல்ல வலி மாத்திரை. கடிதத்துல நீங்க ஒரு வார்த்தை கூட எழுதல, ஆனா இடுப்பு வலின்னு எழுதியிருக்கீங்க, 40 வருஷம் உப்பு சுமந்த ஆள், அதனால கேக்குறேன். அப்பா சட்டைப் பையில, டிபன் பாக்ஸ் பையில, தலகாணிக்கு அடியில பாருங்க, ஒரு அட்டை கிடைக்கும். டைக்ளோஃபெனாக், அசிக்ளோஃபெனாக், ஐபுப்ரோஃபென், நிமெசுலைடு இதுல ஏதாவது ஒண்ணா இருக்கும், பெரும்பாலும் பாராசிட்டமாலோட சேத்த மாத்திரையா இருக்கும், அதனால "இது சும்மா காய்ச்சல் மாத்திரைதான்"னு நினைச்சுக்கிட்டு இருப்பாரு. மெடிக்கல்ல கேட்டா சீட்டு இல்லாமலே கொடுக்குறாங்க. கிட்னிக்கு ரத்தம் குறையும்போது, உள்ள போற ரத்தக் குழாயை விரிச்சு வச்சு கிட்னி தன்னைத்தானே காப்பாத்திக்கப் பாக்கும், இந்த மாத்திரைகள் அந்த விரியுற வேலையையே நிறுத்திடும். வீட்ல ஃபேனுக்கு கீழ படுத்திருக்குற ஆள் ஒண்ணு போட்டா பெரிய கெடுதல் இல்ல, வேர்த்து காஞ்ச உடம்புல தினம் ஒண்ணு போட்டா அது கிட்னிக்கு நேரடி அடி. டெய்லி சாயங்காலம் கிளினிக்ல போய் வலிக்கு ஒரு ஊசி போட்டுக்கிட்டு வர்றதும் இதே மருந்துதான், ஊசியா போட்டா வயித்தக் கெடுக்காது கிட்னியக் கெடுக்காதுன்னு ஒரு நம்பிக்கை இருக்கு, அது சுத்தப் பொய். வலி தாங்கலன்னா வெறும் பாராசிட்டமால் 500 போடலாம், ஒத்தடம், தைலம், ராத்திரி ஓய்வு, இதுல ஓட்டுங்க. இன்னைலருந்து அந்த அட்டை நிறுத்தம், இதுல பேச்சுக்கே இடமில்ல.

அதே மாதிரி நீர்க்கடுப்பு. கோடையில அளத்து ஆளுங்களுக்கு மூத்திரம் சுருக்குன்னு எரிஞ்சுக்கிட்டு போகும், உடனே இன்ஃபெக்ஷன்னு ஆன்டிபயாட்டிக் கொடுத்துடுறாங்க, சில இடத்துல ஜென்டாமைசின் ஊசி போடுறாங்க, அதுவும் கிட்னிக்கு ஆகாது. அந்த எரிச்சல்ல பெரும்பாதி கெட்டியான மூத்திரத்துனால வர்றது, தண்ணி குடிச்சா ரெண்டு நாள்ல போயிடும். காய்ச்சல், குளிர் நடுக்கம், விலாப் பக்கம் வலி இருந்தா மட்டும் டெஸ்ட் எடுத்துட்டு மருந்து. கிட்னிக்குன்னு பொடி, லேகியம்னு யாராவது விக்க வந்தாலும் இப்ப வேண்டாம், என்ன கலந்திருக்குன்னு தெரியாத எதையும் அடி வாங்கியிருக்குற கிட்னி மேல போடாதீங்க.

தண்ணி விஷயத்துல ரெண்டு பேர் சொன்னதுல தண்ணிய குறைக்கச் சொன்னது உங்க அப்பாவுக்கு சுத்தமா பொருந்தாது. கால் முகம் வீங்கி, மூத்திரம் குறைஞ்சு, இல்ல டயாலிசிஸ்ல இருக்குறவங்களுக்குத்தான் அந்தக் கட்டுப்பாடு. ஈஜிஎஃப்ஆர் 50ல, வீக்கம் இல்லாம, வெயில்ல வேலை பாக்குற ஆளு தண்ணிய குறைச்சா அதைவிட வேற கெடுதல் வேண்டாம். அஞ்சு லிட்டர்னு சொன்னவரும் ஒரு நாள் கணக்கா சொல்லிட்டாரு, எப்ப குடிக்கணும்னு சொல்லல. காலைல கிளம்பும்போது ரெண்டு டம்ளர், வேலை நேரத்துல 15, 20 நிமிஷத்துக்கு ஒரு டம்ளர், தாகம் எடுக்குற வரைக்கும் காத்திருக்க வேண்டாம், சாயங்காலம் வீட்டுக்கு வந்து ஒரு சொம்பை ஒரே மூச்சுல கவுக்குறது அந்த நாள் அடிய அழிக்காது. மணிக்கு ஒன்றரை லிட்டருக்கு மேலயும் குடிக்கக் கூடாது, வெறும் தண்ணியவே அளவுக்கு மீறி ஊத்துனா ரத்தத்துல சோடியம் இறங்கி தலைவலி, வாந்தி, குழப்பம்னு அது வேற ஆபத்து. மூத்திரம் வெளிறின மஞ்சளா போனா சரியா குடிக்கிறாருன்னு அர்த்தம், டீ டிக்காக்‌ஷன் கலர்ல போனா அன்னைக்கு வேலைய நிறுத்திட்டு ஆஸ்பத்திரிக்கு வாங்க, தசை கரைஞ்சு வர்ற கலராவும் இருக்கலாம்.

கேன்ல எடுத்துட்டுப் போற தண்ணி பத்து மணிக்கே கொதிக்கும், கொதிக்கிற தண்ணிய யாரும் விரும்பிக் குடிக்க மாட்டாங்க, ஈரச் சாக்கை சுத்தி நிழல்ல வைங்க, இல்ல மண்பானை. வேலை செய்யற இடத்துலருந்து தண்ணி தூரத்துல இருந்தா குடிக்கவே மாட்டாங்க, அதனால கேன் பாத்தி ஓரத்துலயே இருக்கணும். நீராகாரம், உப்பு போட்ட மோர் ரொம்ப நல்லது. வேர்வையில உப்பு போனாலும் மூணு வேளை சாப்பாடு சாப்பிடுறவருக்கு தனியா உப்பு மாத்திரை எதுவும் தேவையில்ல. ரொம்ப வேர்க்குற நாள்ல ஓஆர்எஸ் ஒரு பாக்கெட் ஒரு லிட்டர் தண்ணில முழுசா கலக்கி குடிக்கலாம், ஆரம்ப சுகாதார நிலையத்துல சும்மாவே கிடைக்கும். கடையில டெட்ரா பேக்ல ஓஆர்எஸ்னு எழுதி வித்ததெல்லாம் சர்க்கரைத் தண்ணி, ஹைதராபாத்ல ஒரு குழந்தை டாக்டர் வருஷக்கணக்கா சண்டை போட்டு 2025 அக்டோபர்லதான் அந்தப் பேரை போட்டு விக்கக் கூடாதுன்னு உணவுப் பாதுகாப்பு ஆணையம் நிறுத்துச்சு. கலர், கோலா இதெல்லாம் வேலை நேரத்துல தொடவே வேண்டாம், உடம்பு காஞ்சிருக்கும்போது அந்த இனிப்பு உள்ள போனா கிட்னி குழாய்க்கு இன்னும் சுமைன்னு ஆய்வுகள் சொல்லுது. இளநீர் இப்போதைக்கு ஒண்ணு குடிக்கலாம், பொட்டாசியம் ரிப்போர்ட் வந்ததும் டாக்டர்கிட்ட கேட்டுக்கோங்க.

அம்மாவும் அளத்துக்குப் போறாங்களான்னு நீங்க எழுதல. போறாங்கன்னா இதே டெஸ்ட் அவங்களுக்கும் எடுங்க. பொம்பளைங்க வேணும்னே தண்ணி குடிக்க மாட்டாங்க, ஏன்னா ஒதுங்க இடம் கிடையாது, சுத்தி கண்ணுக்கெட்டுற தூரம் வெட்ட வெளி. விடிகாலை மூணு மணிலருந்து மதியம் வரைக்கும் அடக்கி வச்சிருந்து, அதுனாலயே இன்ஃபெக்ஷன் வந்து திரும்பத் திரும்ப வர்றவங்க உண்டு. அளத்துக்கு ஒரு கழிப்பறை கட்டுறது கிட்னி வைத்தியம்தான்னு நான் சொல்லுவேன், மாத்திரையவிட மலிவும் கூட.

இப்ப வேலை. விட்டுடுங்கன்னு ஒரு வரில எழுதிட்டுப் போறது எனக்கு சுலபம், அடுத்த வாரம் அடுப்பு எரியணுமே. ரெண்டாவது டெஸ்ட் வர்ற வரைக்கும், அதாவது ரெண்டு மூணு வாரம், கண்டிப்பா பாத்தி வேலைக்குப் போக வேண்டாம், அதுல எனக்கு சமரசம் இல்ல. அந்த ஓய்வுல கிரியாட்டினின் 1.2 பக்கம் இறங்கிடுச்சுன்னா காரணம் பெரும்பாலும் வெயிலும் மாத்திரையும்தான்னு தெரிஞ்சு போகும், அப்ப திரும்பிப் போகலாம், ஆனா பழைய மாதிரி இல்ல. இறங்காம 1.6லயே நின்னா, இல்ல ஏறுனா, சுமக்குற வேலை வாருற வேலை ரெண்டையும் விட்டுட்டு மோட்டார் பாக்குறது, காவல், பேக்கிங் மாதிரி நிழல் வேலைக்கு மாறணும், கூலி குறையும், தெரியும், ஆனா டயாலிசிஸ்னு வந்துட்டா வாரத்துக்கு ரெண்டு மூணு நாள் ஆஸ்பத்திரியிலயே போயிடும், முதலமைச்சர் காப்பீட்டுல செலவு போனாலும் அந்த நாள் கூலிய யாரும் தர மாட்டாங்க.

திரும்பிப் போற பட்சத்துல என்ன மாத்தணும்னு உலகத்துல செஞ்சு பாத்திருக்காங்க. எல் சால்வடார்ல கரும்புத் தோட்டத்துல தண்ணி, நிழல், கட்டாய ஓய்வுன்னு மூணையும் கொண்டு வந்தாங்க, நேரம் வீணாகும்னு பயந்தாங்க, வெட்டுன கரும்போட அளவு குறையல, கூடத்தான் செஞ்சுச்சு. நிகரகுவாவுல ஒரு பெரிய சர்க்கரை ஆலையில இதையே கண்டிப்பா நடைமுறைப்படுத்துனதும் கிட்னி அடி வாங்குறவங்க எண்ணிக்கை நல்லாவே குறைஞ்சுது. அங்க அது நடந்ததுக்குக் காரணம் ஓய்வு நேரத்தை தொழிலாளி இஷ்டத்துக்கு விடல, விசில் அடிச்சா எல்லாரும் நிழலுக்குப் போயாகணும், யாரும் கூடுதலா வெட்ட முடியாது. உங்க அப்பா மட்டும் தனியா உக்காந்தா சோம்பேறின்னு பேர் வரும். அதனால கூட வேலை பாக்குற பத்துப் பேரா சேந்து, ஓலையோ தார்ப்பாயோ போட்டு ஒரு பந்தல், மணிக்கு ஒரு தடவை பத்து நிமிஷம், பத்தரை பதினோரு மணிக்கு மேல வாருறதில்லன்னு முதலாளிகிட்ட கேளுங்க, சங்கம் இருந்தா சங்கம் மூலமா கேளுங்க. மழைக்காலத்து மூணு மாசத்துக்கு உப்பளத் தொழிலாளிக்கு அரசு 5,000 ரூபா கொடுக்குறது அப்படி கேட்டு வாங்குனதுதான். 2024 அக்டோபர்ல வெப்ப அலைய மாநிலப் பேரிடர்னு தமிழ்நாடு அரசு அறிவிச்சிருக்கு, வெப்பத்துல இறந்தா குடும்பத்துக்கு 4 லட்சம்னும் இருக்கு. செத்தா கொடுக்குறதுக்கு உத்தரவு இருக்கு, உசுரோட இருக்கும்போது பந்தல் போடச் சொல்லி முதலாளிய கட்டாயப்படுத்துற ஏற்பாடும் வேணும், அது வேற சண்டை.

தம்பி விஷயம். படிச்ச பையன், மேல படிக்க வழி இருந்தா அதைத்தான் முதல்ல பாருங்கன்னு ஒரு அண்ணனா சொல்லுவேன். போகத்தான் போறான்னா முதல் ரெண்டு வாரம்தான் அவனுக்கு ஆபத்து. வெயிலுக்கு உடம்பு பழக ஒரு வாரத்துலருந்து ரெண்டு வாரம் ஆகும், அதுவரைக்கும் வேர்வை சுரப்பிக்கு உப்பைப் பிடிச்சு வைக்கத் தெரியாது, இதயம் படபடன்னு அடிக்கும். முதல் நாள் முழு நாள் வேலைல அஞ்சுல ஒரு பங்கு, அடுத்த நாள் ரெண்டு பங்குன்னு ஏத்தணும், பழைய ஆளுங்களோட போட்டி போட்டு முதல் நாளே மூட்டை தூக்குனா மயங்கி விழுறது இந்த வயசுப் பசங்கதான். லீவுல ஒரு வாரம் பத்து நாள் போகாம இருந்துட்டு திரும்புனாலும் மறுபடி கொஞ்சம் கொஞ்சமாத்தான். சேரும்போதே ஒரு கிரியாட்டினின் எடுத்து ரிப்போர்ட்டை வீட்ல வைங்க, சீசன் முடிஞ்சதும் ஒண்ணு எடுங்க, ஏறுதான்னு தெரிஞ்சுக்க அதுதான் ஒரே வழி. கண்ணுக்கு கருப்புக் கண்ணாடி, காலுக்கு பூட்ஸ், இது வேற.

யாராவது அளத்துல உளறுனா, நடை தள்ளாடுனா, வலிப்பு வந்தா, உடம்பு நெருப்பா இருந்தா அது மயக்கம் இல்ல, ஹீட் ஸ்ட்ரோக். வேர்வை இருந்தா ஹீட் ஸ்ட்ரோக் இல்லன்னு ஒரு பேச்சு இருக்கு, உழைக்கிறவங்களுக்கு வேர்வையோடயே வரும். 108க்கு ஒருத்தர் போன் போடும்போதே மத்தவங்க நிழலுக்குத் தூக்கிட்டுப் போய், துணியத் தளத்தி, குடம் குடமா தண்ணிய உடம்பு முழுக்க ஊத்தி விசிறணும், தொட்டி இருந்தா கழுத்து வரைக்கும் தண்ணில உக்கார வச்சு ஒருத்தர் பிடிச்சுக்கணும். ஆம்புலன்ஸ் வரட்டும்னு காத்திருக்கக் கூடாது, முதல் அரை மணி நேரத்துல குளிர வைக்கிறதுதான் உசுர காப்பாத்தும். நினைவு இல்லாதவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க, பாராசிட்டமால் இதுக்கு வேலை செய்யாது.

தூத்துக்குடி அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிக்கே போங்க, பழைய ரிப்போர்ட் எல்லாம் எடுத்துட்டுப் போய் என்ன வேலை, எத்தனை மணி நேரம், எத்தனை வருஷம்னு நீங்களே டாக்டர்கிட்ட சொல்லுங்க, ஓபியில அவங்க கேக்க நேரம் இருக்காது. அந்த மாத்திரை அட்டையையும் தூக்கிப் போட்டுடாம கையோட கொண்டு போய் காட்டுங்க. ரெண்டாவது ரிப்போர்ட் வந்ததும் நம்பரை எனக்கு எழுதுங்க.